பையனுக்கு நட்கிராக்கர் சிண்ட்ரோமாம், ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

கரூர்_அம்மா
வணக்கம். பையனுக்கு 15 வயது. ஒன்றரை வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து 168 செ.மீ. ஆகிவிட்டான், எடை மட்டும் 43 கிலோவைத் தாண்டவே இல்லை. ஜூன் மாதம் கபடி விளையாடிவிட்டு வந்தவன், "அம்மா, யூரின் கட்டஞ்சாயா கலர்ல போகுது" என்றான். பெரிய வலி இல்லை, இடது விலாவுக்குக் கீழே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை. நிற்கவில்லை. கல்லாக இருக்கும் என்று ஸ்கேன், கல்லும் இல்லை. அப்புறம் இன்னொரு ஆன்டிபயாடிக். கல்ச்சரில் கிருமியே வளரவில்லை என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதை எழுதிக் கொடுத்தார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசியில் சி.டி. ஆஞ்சியோ எடுத்ததில், இடது கிட்னியிலிருந்து வரும் நரம்பு இரண்டு ரத்தக்குழாய்க்கு நடுவில் நசுங்குகிறதாம், கோணம் 22 டிகிரி என்று போட்டிருக்கிறது. பாக்குவெட்டியில் பாக்கு மாட்டுகிற மாதிரி என்று டாக்டர் விளக்கினார். ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் கம்பிவலைக் குழாயை அந்த இடத்தில் வைத்தால் சரியாகிவிடும், சீக்கிரம் தேதி சொல்லுங்கள் என்கிறார். கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.7, அதுவும் பிரஷரும் நார்மல். கிட்னி போய்விடுமா? யாருக்காவது இது வந்திருக்கிறதா?

ஸ்கேன்காரன்
அக்கா, கிட்னி போய்விடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். நான் டாக்டர் இல்லை, பன்னிரண்டு வருடமாக ஸ்கேன் அறையில் இருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

நசுங்குவது நரம்பு அல்ல, சிரை. வீட்டில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கெட்ட ரத்தத்தை மேலே கொண்டு போகும் பெரிய சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஓடுகிறது. வலது கிட்னிக்கு அது பக்கத்து வீடு. இடது கிட்னியின் சிரைதான் வயிற்றைக் குறுக்கே கடந்து போக வேண்டும். போகிற வழியில் பின்னால் பெருந்தமனி, முன்னால் அதிலிருந்தே பிரிந்து குடலுக்கு இறங்கும் எஸ்.எம்.ஏ. என்ற தமனி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொழுப்புதான் அந்தச் சந்தை விரித்து வைத்திருக்கிறது. உங்கள் பையன் மாதிரி உயரம் மட்டும் ஏறிச் சதை பிடிக்காத பிள்ளைகளுக்குக் கொழுப்பு போதாமல் கோணம் குறுகிவிடும். ரத்தம் பின்னால் தேங்கி, கிட்னிக்குள் அழுத்தம் கூடி, மெல்லிய சிரைகள் கசிந்து யூரினில் கலக்கிறது. நிற்கும்போது, ஓடும்போது அதிகம், படுத்தால் குறையும்.

ஆனால் கோணம் குறுகலாக இருந்தாலே நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஒல்லியாக இருக்கும் எத்தனையோ பேருக்கு ஸ்கேனில் இது தெரியும், தொந்தரவு எதுவும் இருக்காது. ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? நசுங்கிய இடத்தில் ரத்த வேகம் கிட்னி பக்கத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். யூரினில் ஆர்பிசி, அதாவது ரத்தச் சிவப்பணு, அதன் வடிவத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உருக்குலையாமல் முழுசாக இருந்தால் இந்தக் கசிவோடு பொருந்தும், உருக்குலைந்திருந்தால் கிட்னியின் வடிகட்டியில் கோளாறு இருக்கலாம், ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி மாதிரி. அதனால் நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், பார்க்காமல் ஸ்டென்ட் பேச்சே வேண்டாம். இன்னொன்று, இடது விரைச் சிரையும் இதே சிரையில்தான் வந்து சேர்கிறது, அதனால் அங்கேயும் ரத்தம் தேங்கலாம். விரைப்பையில் வீக்கம் இருக்கிறதா என்று அவனிடம் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், உங்களிடம் சொல்ல மாட்டான்.

பாட்டிவைத்தியம்
வாழைத்தண்டு ஜூஸ் வெறும் வயிற்றில் 48 நாள் கொடுங்க, கிட்னி சுத்தமாகிவிடும்.

ஸ்கேன்காரன்
அடைப்பு கிட்னிக்குள்ளேயே இல்லை, வெளியே. இதில் எதைச் சுத்தம் செய்வது? வாழைத்தண்டைப் பொரியலாகப் போடுங்கள், சோறு இரண்டு கரண்டி கூட இறங்கும்.

இடதுகிட்னி
எனக்கு இது இருந்தது. கண்டுபிடிக்கவே நாலு வருடம் ஆனது, அதற்குள் 'மனசுதான் காரணம்' என்று அனுப்பிய டாக்டர்கள் இரண்டு பேர். பெண்களுக்கு அடிவயிற்றுக் கனமும் மாதவிடாய் வலியும் சேர்ந்து வருவதால் இன்னும் குழப்பம். 29 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டேன். சிரையை வெட்டி எடுத்து, பெரிய சிரையில் சற்றுக் கீழே இறக்கித் தைத்தார்கள். வயிற்றில் நீளமாகத் தழும்பு இருக்கிறது, ரத்தம் போவது நின்றுவிட்டது.

அதை வைத்து உங்கள் பையனுக்கும் ஆபரேஷன் என்று சொல்ல மாட்டேன். என் வயது வேறு, அவன் வயது வேறு. 18 வயதுக்குக் கீழே என்றால் குறைந்தது இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ரத்தம் போகும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அதற்குள் தானாகவே நின்றுவிடுகிறது, எடை கூடக் கூடச் சந்து விரிகிறது. ஸ்டென்ட் பற்றி எனக்குச் சொன்னதையும் சொல்கிறேன். அது இடம் நகர்ந்து இதயம் வரை போன கேஸ்கள் உண்டு, வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் வேண்டும். இன்னும் வளர்கிற உடம்பில் அவசரமாக எதற்கு? ரத்தம் நிறையப் போய் ஹீமோகுளோபின் இறங்கினாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ, கிட்னி வேலை குறைந்தாலோ அப்போது பேசலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்து யூரின் அடைத்துக்கொண்டால் மட்டும் ராத்திரி என்றும் பார்க்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

அந்தப் பாக்குவெட்டி உவமை உங்கள் டாக்டர் கண்டுபிடித்தது இல்லை. கிராண்ட் என்ற உடற்கூறியல் பேராசிரியர் 1937லேயே இந்தச் சிரையைக் கொட்டை உடைக்கும் இடுக்கிக்கு நடுவில் மாட்டிய கொட்டை என்று எழுதியிருக்கிறார். இடுக்கி நம் ஊருக்கு வந்து பாக்குவெட்டி ஆகிவிட்டது.

கரூர்_அம்மா
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேறு ஊரில் நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்த்தோம். காலையில் எழுந்ததும் பிடித்த யூரினில் புரோட்டீன் இல்லை, சாயங்காலம் பிடித்ததில் இரண்டு ப்ளஸ். நின்று நடமாடினால்தான் வருகிறது என்று இதைத்தான் அவரும் எதிர்பார்த்தாராம். ஆர்பிசி வடிவம் நார்மல், டாப்ளரில் வேகம் ஆறு மடங்கு. ஸ்டென்ட் இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றுவிட்டார். எடை இப்போது 44.6. விரைப்பை விஷயம் அவன் அப்பா கேட்டார், கொஞ்சம் இருக்கிறதாம், ஒரு வருடமாக மறைத்திருக்கிறான்.

கபடி விளையாடலாமா என்று தினமும் கேட்கிறான். டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

இடதுகிட்னி
போன் செய்து கேட்டுவிடுங்கள். கேட்காமல் நீங்களாக நிறுத்தினால் இதையும் மறைத்து விளையாடுவான்.