குழுவாகவா, தனியாகவா: பள்ளி ப்ராஜெக்டில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

மழைக்குருவி:

ஒன்பதாம் வகுப்பு, அறிவியல் ப்ராஜெக்ட், தலைப்பு மனித இதயம். ஐந்து பேர் குழு. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி டீச்சரே பிரித்துவிட்டார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒருத்திக்குக் காய்ச்சல், இரண்டு பேர் "நீ சொல்றதைச் செய்யறோம்" என்றார்கள், சொன்னதையும் செய்யவில்லை. தெர்மோகோல் வெட்டியது, சிவப்பும் நீலமும் பூசியது, பதினெட்டுப் பக்க அறிக்கை எழுதியது எல்லாம் நான். ஐந்தாமவள் ஒரு நாள்கூட எங்களோடு வந்து உட்காரவில்லை. கடைசி ராத்திரி அட்டையில் பெயர்களை எழுதும்போது நான்கோடு நிறுத்திவிட்டேன். ஒன்றுமே செய்யாதவளுக்கு எதற்கு மார்க் என்ற கோபம்.

மறுநாள் காலை அறிக்கை மேஜைமேல் இருந்தது. அவள் வந்து நின்றாள். அட்டையில் விரலை வைத்து, முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். நான்காவதுக்குக் கீழே வெறும் அட்டை. விரல் அங்கே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டாள். கக்கத்தில் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். அது என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டீச்சர் தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்து ஐந்து பேருக்கும் ஒரே மார்க் போட்டார். மாதிரியில் இருந்த ஒரு தவறுக்காக எல்லோருக்கும் இரண்டு மார்க் குறைந்தது, அவ்வளவுதான். ஆக, பெயரை விட்டதால் அவளுக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் இருபது வருஷம் ஆகியும் அந்த விரல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. "குழு வேண்டாம்மா, நான் தனியா பண்றேன்னு டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

இரவுப்பேனா:

நீங்கள் வருத்தப்பட வேண்டிய அவசியமே இல்லை என்பேன். வேலை செய்யாதவர் பெயர் அட்டையில் எதற்கு? உங்கள் மகளைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

எனக்கு நடந்தது பத்தாம் வகுப்பில். மண் அரிப்பு பற்றி நான்கு பேர் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். என் ஐந்து பக்கத்துக்கு நூலகத்தில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். மற்றவர்களுடையது சமர்ப்பிக்கும் நாள் காலையில்தான் கைக்கு வந்தது. படித்துப் பார்க்க நேரமில்லை, அப்படியே சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். சார் புரட்டிக்கொண்டே வந்தவர் பதின்மூன்றாம் பக்கத்தில் நின்றார். "குழுத் தலைவர் நீதானே, இந்தப் பத்தியைச் சத்தமாகப் படி" என்றார். எழுந்து நின்று படித்தேன். பத்தியின் கடைசி வரி: "மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்." இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதில் அந்த வரியைக்கூட நீக்கவில்லை. அது என்ன வரி என்று எனக்குப் புரிவதற்குள் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஒட்டியவனும் சேர்ந்து சிரித்தான். அந்தப் பத்தி யாருடையது என்று சார் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

கல்லூரியில் தனியாகச் செய்ய அனுமதி உண்டா என்பதுதான் ஒவ்வொரு பாடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி.

பின்வரிசை:

இரவுப்பேனா, "வேலை செய்யாதவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பள்ளிக்காலம் முழுக்க அந்தச் சொல் என்மேல் இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் சிரிஞ்சு வைத்துச் செய்யும் ஹைட்ராலிக் தூக்கி. பெரும்பாலோர் செய்திருப்பீர்கள். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு, நடுவில் ஒரு மெல்லிய குழாய், உள்ளே வண்ணத் தண்ணீர். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பி அட்டைக் கையைத் தூக்கும். பாஸ்கல் விதி. எங்கள் குழுவில் ஆறு பேர். இரண்டு பேர் நன்றாகப் படிப்பவர்கள், பேச்சும் அவர்களுடையதுதான். எனக்குக் கொடுத்த வேலை அட்டையில் பச்சைக் காகிதம் ஒட்டுவது. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மீதி நேரமெல்லாம் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் குழாயின் வளைவில் ஒரு காற்றுக்குமிழி இருப்பதைப் பார்த்தேன். பட்டாணி அளவு இருக்கும். சிரிஞ்சை அழுத்தும்போது தண்ணீர் நகர்வதற்கு முன்னால் குமிழி சுருங்கியது, விட்டதும் பழையபடி விரிந்தது. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் அந்த அளவுக்குச் சுருங்காது என்று அதே மாதம்தான் பாடத்தில் வந்திருந்தது. எடை இல்லாத அட்டைக் கையைத் தூக்கும்போது குமிழியால் தொந்தரவு இல்லை. எடை வைத்தால் நாம் அழுத்துவதில் ஒரு பகுதி குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், மறுமுனை சரியாக எழும்பாது. தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முக்கிவைத்துக் குழாயை மாட்டியிருந்தால் குமிழியே வந்திருக்காது. இது எனக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். "நீ காகிதம் ஒட்டிட்டியா?" என்றான் ஒருவன். ஒட்டிட்டேன் என்றேன்.

மறுநாள் நடுவர் எடைக்கல்லை வைத்து அழுத்தினார். அட்டைக் கை துடித்தது, எழும்பவில்லை. மறுபடி அழுத்தினார். எங்கள் குழுவில் எல்லோர் கண்ணும் கையிலேயே இருந்தது. நான் மட்டும் குழாயின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எல்லோரும் போன பிறகு, "குமிழி இருந்துச்சு, நேத்தே பார்த்தேன்" என்று அவனிடம் சொன்னேன். "பார்த்தா சொல்ல வேண்டியதுதானே" என்று கத்தினான். அவன் கத்தியது நியாயம்தான். நான் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

சாக்பீஸ்:

பத்தொன்பது வருஷமாக அறிவியல் ஆசிரியர். என் கதை சின்னது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஐந்து பேர் குழு ஒன்றில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "இந்த ப்ராஜெக்டில் உன் பங்கு நூற்றுக்கு எத்தனை? துண்டுச்சீட்டில் எழுது" என்றேன். கூட்டிப் பார்த்தால் 185 வந்தது. யாரும் பொய் எழுதவில்லை. தான் செய்தது ஒவ்வொருவருக்கும் நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது அந்த அளவுக்கு நிற்பதில்லை. ராஸ், சிக்கோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மழைக்குருவி "எல்லாம் நான்" என்று எழுதியதைப் படித்தபோது அந்தச் சீட்டுகள்தான் ஞாபகம் வந்தன.

இப்போது மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குழுவில் சிலர் ஒதுங்குவதைப் பிள்ளைகளின் குணக்கேடு என்று பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடிய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளிப்பட்டது. ஒரே நொடியில் எல்லோராலும் இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம். "மற்றவர் இழுப்பார்" என்ற தளர்ச்சி இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை 1979-ல் லட்டானே என்பவரும் அவர் சகாக்களும் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் சோதித்தார்கள். கூட்டத்தோடு கத்துகிறோம் என்று நினைத்தவர்கள் குறைவாகவே கத்தினார்கள். ஆனால் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தத் தளர்ச்சி போய்விடுகிறது என்பதையும் அதே குழுவினர் அடுத்து வந்த ஆய்வில் காட்டினார்கள்.

ஆகவே நான் என்ன செய்கிறேன் என்றால், குழுவை நான்கு பேருக்கு மேல் போக விடுவதில்லை. நான்கு பேர் என்றால் ஒருவரோடொருவர் பேச ஆறு இணைகள், ஆறு பேர் ஆனால் பதினைந்து. பின்வரிசையின் குரல் அந்தப் பதினைந்தில்தான் தொலைந்தது. அடுத்து, எந்தப் பகுதியை யார் செய்தாலும் கேள்வியை வேறொருவரிடம்தான் கேட்பேன். இதயத்தை வரைந்தவளிடம் ரத்த ஓட்டத்தைக் கேட்பேன், எழுதியவளிடம் படத்தைக் கேட்பேன். ஒருவர் செய்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அவர்களால் தப்ப முடியாது. எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த ஜிக்சா முறையின் அடிப்படையும் இதுதான். அங்கே இனப் பிரிவினையை நீக்கிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்திருந்த நேரம், ஒருவரையொருவர் சேர்த்துக்கொள்ளவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒவ்வொருவர் துண்டும் மற்ற எல்லோருக்கும் தேவைப்பட்டது. கேட்காமல் இருக்க முடியாது.

மழைக்குருவி, உங்கள் மகளிடம் தனியாகவா குழுவாகவா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, முதல் நாளே "யார் எதைச் செய்கிறோம், என்றைக்குக் காட்டுகிறோம்" என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

தனிவழி:

நான் எல்லாவற்றையும் தனியாகவே செய்தவன், விரும்பித்தான். ஆசிரியர் ஐயா எழுதியதில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பு. செடி வளர வெளிச்சம் தேவை என்று காட்ட அவரை விதையை இரண்டு தொட்டியில் போட்டேன். ஒன்று ஜன்னலில், ஒன்று மூடிய அலமாரியில். தினமும் ஸ்கேல் வைத்து உயரம் அளந்து, நிறத்தையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வந்தேன். பத்தாம் நாள் ஜன்னல் செடி 9 செ.மீ., அலமாரிச் செடி 17 செ.மீ.

எனக்குப் பகீரென்றது. வெளிச்சம் இல்லாதது எப்படி இரண்டு மடங்கு வளரும்? எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் "என்னடா இது, இருட்டில் இருப்பதுதான் உயரமா இருக்கு" என்று சத்தமாகவாவது சொல்லியிருப்பேன். யாரும் இல்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்புறம் புது நோட்டு எடுத்து, உயரங்களை மட்டும் இடம் மாற்றிப் புதிதாக எழுதினேன்.

நிறக் கட்டத்தை மாற்ற மறந்துவிட்டேன். அதற்குமேல், செடிகளையும் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை, நோட்டு மட்டும்தான். டீச்சர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, அலமாரிச் செடியின் நிறக் கட்டத்தில் பேனாவை வைத்தார். "வெளிர் மஞ்சள், தண்டு மெலிவு" என்று என் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் உயரம் 9 செ.மீ. "இவ்வளவு வெளுத்துப்போனது இன்னும் உயரமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். இருட்டில் முளைக்கும் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும், பச்சையம் இல்லாமல் வெளுத்து, மெலிந்து, நெட்டையாக நிற்கும் என்று அவர் சொன்னபோதுதான் தெரிந்தது. என் முதல் நோட்டு முழுக்கச் சரி. நான் பார்த்தது உண்மை, அதைத்தான் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. "பழைய நோட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

இரவுப்பேனா:

தனிவழி, உங்கள் டீச்சர் போல ஒருவர் கிடைத்திருந்தால் நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

ஆனால் சாக்பீஸ் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷ வகுப்பு. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்க எந்தப் பள்ளியில் நேரம் இருக்கிறது? கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு என் மண் அரிப்புக் கூட்டாளியை நான் என்ன செய்திருக்க முடியும்? கட்டுப்படுத்தும் பொறுப்பை மட்டும் பிள்ளையிடம் கொடுக்கிறோம், அதற்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுப்பதில்லை. என் கோபம் அவன்மேல்கூட இல்லை. யார் எழுதியது என்று கேட்காமல் என்னை எழுப்பி நிறுத்தினாரே, அவர்மேல்தான்.

சாக்பீஸ்:

நேரம் இல்லை என்பது உண்மை. எல்லோரிடமும் கேட்க முடியாது, குழுவுக்கு ஒருவரிடம் ஒரு கேள்விதான் கேட்கிறேன். யாரிடம் கேட்பேன் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். கடைசியாக நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படி யாரையாவது எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

பின்வரிசை:

மழைக்குருவி, ஒன்றைக் கேட்கலாமா? அந்தச் சுருட்டின சார்ட்டில் என்ன இருந்தது? எப்போதாவது தெரிந்ததா?

மழைக்குருவி:

தெரியும். முதலில் எழுதும்போது அதைச் சொல்லக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அதை மேஜைக்கடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். வகுப்பு காலியானதும் எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினேன். இதயத்தின் குறுக்குவெட்டுப் படம், பென்சிலில். இடது கீழறையின் சுவரை மட்டும் தடிமனாக, நெருக்கமான கோடுகளால் நிரப்பியிருந்தாள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது அந்த அறைதான் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்த அறை படத்தில் நமக்கு வலப்பக்கம் இருந்தது, அங்கேதான் இருக்க வேண்டும். எதிரே நிற்கும் ஆளின் இடது கை நமக்கு வலப்பக்கம் இருப்பது போல. நான் செய்த தெர்மோகோல் இதயத்தில் அது இடம் மாறியிருந்தது. இரண்டு மார்க் போனது அதற்குத்தான்.

கீழே மூலையில் பெயர்கள். பதிவேட்டு வரிசையில், ஐந்தும்.

திரும்பச் சுருட்டி அவள் மேஜைக்குள் வைத்துவிட்டு வந்தேன். பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் அவர்கள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

மகள் இப்போதுதான் பள்ளியிலிருந்து வந்தாள். அவளிடம் முதலில் இதைச் சொல்லப் போகிறேன்.