திருகோணமலை நகருக்குள் காலைநடை: பறவை பார்க்க எந்தப் பக்கம் முதலில்?

உப்புவெளியான்:
அண்ணாமார், அக்காமார், விடிய 6 மணியிலிருந்து 8 மணி வரைதான் நேரம். பிரட்றிக் கோட்டை, டச்சு பே கடற்கரை, உட்துறைமுக வீதி, வாய்க்கால் ஓரம். எதை முதலில் வைக்கலாம்? கடல் நீர் ஏறி இறங்கும் வத்துப்பெருக்கு அட்டவணை பார்க்க வேணுமா? வெள்ளைக் கொக்குகளைப் பிரிக்கவும் தெரியவில்லை. கையில் 8 மடங்கு பெருக்கும், 42 மில்லிமீற்றர் முன்வில்லை உள்ள தொலைநோக்கி.

செண்பகம்:
தம்பி, வெயில் எந்தப் பக்கம் என்பதை வைத்து வழியைப் போடுங்கோ. டச்சு பே கிழக்குப் பார்த்த கரை. காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். ஆலாவும் கடற்காகமும் வெறும் கறுப்பு உருவம்தான். அதைப் பின்னேரம் 4.30க்குப் பிறகு வையுங்கோ. உட்துறைமுக வீதி மேற்குப் பக்கம், காலை வெயில் முதுகில் விழும்.

முதல் அரைமணி கோட்டை மரங்களுக்கு. செம்மார்புக் குக்குறுவான் தட்டார் சுத்தியல் அடிக்கிறதுபோல ஒரே சீராய்க் கூப்பிடும். இலைக்குள்ளே தேடாதீங்கோ, உச்சியில் இலையில்லாத கொப்பைப் பாருங்கோ, அங்கேதான் வெயில் காயும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கோணேசர் கோயில் வீதியை விட்டு விலகவேண்டாம். முகாம், கடற்படைப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவும் கூடாது.

8 மடங்கு போதும். 10 மடங்கில் கைநடுக்கமும் சேர்ந்து பெருக்கும்.

வெள்ளைக்கொக்கு:
கொக்குக்கு அலகு நிறத்தை மட்டும் நம்பினால் பிழையாகிவிடும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். அலகடியிலிருந்து பின்னால் போகும் வாய்க்கோட்டைப் பாருங்கோ: கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. சின்னக் கொக்குக்கு எப்பவும் கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் விரல். ஆனால் சேற்றில் நின்றால் விரல் கறுப்பாகத் தெரியும், பறக்கும்வரை பொறுத்துத்தான் உறுதிசெய்யவேணும். கட்டையான மஞ்சள் அலகு, தடித்த தாடை என்றால் மாட்டுக்கொக்கு. மண்ணிறமாய்க் குந்தியிருந்தது எழும்பும்போது திடீரென வெள்ளைச் செட்டை விரித்தால் அது குளத்துக் கொக்கு.

ஆட்காட்டி:
அட்டவணை அவ்வளவு உதவாது. இங்கே பெருக்குக்கும் வத்துக்கும் வித்தியாசம் சுமார் அரை மீற்றர்தான். மணல்திட்டு வாயை அடைத்த களப்புகளில் அதுவும் தெரியாது, மழைதான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் ஏறினால் பவளக்காலி போன்ற நெடுங்காலிகள் மட்டும் நிற்கும். பெப்ரவரி, மார்ச்சில் வத்திச் சேறு தெரியும்போது, சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் இறங்கும். ஏப்ரலோடு பெரும்பாலானவை வடக்கே போய்விடும்.

வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே போகவேண்டாம். மீன்கொத்தி முன்னாலே முன்னாலே பறந்து கடைசியில் சுற்றித் திரும்பிவிடும், முகத்தைக் காணவே கிடையாது. மதகடியில் நிழலில் 10 நிமிடம் அசையாமல் நில்லுங்கோ. பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டி நடக்கிற சின்ன உள்ளானுக்குத் தோளடியில் வெள்ளை ஆப்பு மேலேறி நிற்கும். பறக்கும்போது செட்டையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் செங்கால் உள்ளான்.

உப்புவெளியான்:
நன்றி. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாய்ப் போடலாமா?

ஆட்காட்டி:
வேண்டாம். கோட்டைக்கு ஒன்று, உட்துறைமுகத்துக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று. கலந்தால் எந்தப் பறவை எங்கே நின்றது என்று பிறகு பிரிக்கமுடியாது. எண்ணிக்கைக்குப் பதிலாக, எண்ணவில்லை என்று காட்டும் X குறி போடாமல் மதிப்பிட்டாவது எண் எழுதுங்கோ. காகத்தையும் புலுனியையும் விடாமல் சேர்த்தால்தான் முழுப் பட்டியல் என்று குறிக்கலாம்.