சோம்பல் மதிப்பீட்டு மொழியில் மதிப்பை அச்சிடுவது எப்படி?

மட்டக்களப்பு மாணவன்: தேவைப்படும் வரை எந்த மதிப்பையும் கணிக்காத (சோம்பல் மதிப்பீடு), ஹாஸ்கெல் போன்ற சிறு நிரல்மொழியொன்றுக்கு இன்டர்பிரிட்டர் (நிரலை நேரடியாக இயக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். முடிவிலிப் பட்டியலொன்றின் பெயரைத் தட்டினால் அச்சிடல் நிற்பதேயில்லை. முழுவதையும் கணிக்காமல் காட்ட வழியுண்டா?

கல்முனை வாசகர்: தம்பி, அச்சிடுவதே கணிப்பைத் தூண்டுகிறது என்பதுதான் சிக்கல். ஹாஸ்கெலை ஊடாடி இயக்கும் ஜிஎச்சிஐ எனும் கருவியிலுள்ள ‘எஸ்பிரிண்ட்’ கட்டளை எதையும் புதிதாகக் கணிக்காமல், கணிக்கப்படாத இடங்களில் அடிக்கோடு மட்டும் இடும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சார்பைச் (function) செலுத்தும் ‘மேப்’ கொண்டு ஆக்கிய, ‘இன்ட்’ (முழு எண்) வகை குறித்த, முடிவுள்ள பட்டியலொன்றின் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு அக்கட்டளையை இட்டால், பட்டியலின் உடல் விரிந்திருக்க, உறுப்புகள் யாவும் அடிக்கோடுகளாகவே நிற்பதைக் காண்பீர்கள். எனக்கு இதுவே மிக அழகான தீர்வாகத் தோன்றுகிறது.

காத்தான்குடி வாசகர்: முதல் சில உறுப்புகளை மட்டும் கணித்து அச்சிடும்படி வரம்பிடலாம். ஆனால் அது மட்டும் போதாது, ஓர் உறுப்பின் கணிப்பே முடிவின்றி ஓடக்கூடும் என்பதால், இடைநிறுத்தும் வசதியும் வேண்டும்.

மட்டக்களப்பு மாணவன்: நன்றி அண்ணன். சார்புகளை எவ்வாறு காட்டுவது?

கல்முனை வாசகர்: சார்பை அச்சிடச் சொன்னால் ஹாஸ்கெல் வகைப்பிழை (type error) தரும், நீங்கள் உங்கள் மொழியில் ‘சார்பு’ என்றே அச்சிடலாம்.