நியூக்ளியோசோம் ஏணி வரவில்லை: குழியில் ஒரு கட்டி, 150-இல் ஒரு பேண்ட், நடுவில் ஒன்றுமில்லை

உட்கரு_தேடி:
ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) உட்கருக்களை, டிஎன்ஏவை வெட்டும் மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் நொதியால் வெட்டி ஏணி பார்க்க வேண்டும். அதாவது ஒன்று, இரண்டு, மூன்று நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய டிஎன்ஏ மணி) நீளத் துண்டுகள் ஜெல்லில் படிப்படியாகத் தெரிய வேண்டும். உட்கருக்களை 2 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) உள்ள பஃபரில் இருமுறை கழுவி, 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு உள்ள பஃபருக்கு மாற்றினேன். 10 லட்சம் உட்கருவுக்கு 200 யூனிட் நொதி, 37 டிகிரி, 15 நிமிடம். ஈடிடிஏ போட்டு நிறுத்தி, லோடிங் டை கலந்து நேராக 1% அகரோஸ் ஜெல்லில் ஏற்றினேன். ஒரே லேனில் குழி முழுக்க ஒளிர்கிறது, அடியில் 150 கார இணை அருகே ஒரு பேண்ட், நடுவில் வெறும் ஸ்மியர். பிப்பெட்டில் எடுக்கும்போது சாம்பிள் சளி மாதிரி நூல் விடுகிறது. எங்கே தப்பு? இன்னொன்று: புத்தகத்தில் வரும் 30 நானோமீட்டர் தடிமனான குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த) இழையை இந்தச் சோதனையில் பார்க்க முடியுமா?

குரோமாட்டின்காரன்:
நூல் விடுகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. உட்கருக்கள் உடைந்துவிட்டன. டிஎன்ஏவின் ஒவ்வொரு கார இணையிலும் இரண்டு எதிர்மின்னூட்டங்கள். ஹிஸ்டோன்களின் லைசினும் ஆர்ஜினினும் அதில் பாதியளவைத்தான் ஈடுகட்டுகின்றன, மீதியைப் பிடித்துவைப்பதில் மெக்னீசியத்துக்குப் பெரும் பங்கு. ஈடிடிஏ அதை உருவிக்கொண்டதும் இழைகள் ஒன்றையொன்று தள்ளி, குரோமாட்டின் ஊதி வெளியே கொட்டிவிடும். அந்தக் கட்டிக்குள் நொதி நுழையாது. வெளிப்புறம் கடைசிவரை வெட்டுப்பட்டு 150-க்கு வந்துவிடும், உட்புறம் வெட்டே படாமல் குழியில் நிற்கும். ஒரே லேனில் இரண்டும் தெரிந்தால் கட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் பஃபரில் ஈடிடிஏ வேண்டாம். 10 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.4), 10 சோடியம் குளோரைடு, 3 மெக்னீசியம் குளோரைடு, செல்லை உடைக்கும்போது மட்டும் 0.1% டிடர்ஜென்ட். எல்லாம் ஐஸில், 500 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றினால் போதும். பெல்லட்டை வோர்டெக்ஸ் செய்யாதீர்கள், நுனி வெட்டிய டிப்பால் மெதுவாகக் கலையுங்கள். வெட்டும்போது கால்சியம் 1 மில்லிமோலார் போதும். அது இல்லாமல் இந்த நொதி வேலை செய்யாது.

ஜெல்_மாமா:
மேலே சொன்னது சரி. ஆனால் ஜெல் பக்கமும் மூன்று ஓட்டை இருக்கிறது தம்பி.

புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே போடவே இல்லை. ஹிஸ்டோன் ஒட்டிய டிஎன்ஏ குழியைவிட்டு ஒழுங்காக இறங்காது. நிறுத்தியதும் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் 30 நிமிடம், பிறகு 1% எஸ்டிஎஸ், மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் புரோட்டினேஸ் கே, 55 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் ஃபீனால்-குளோரோஃபார்ம். ஆர்என்ஏஸை விட்டால் ஜெல்லின் அடியில் வரும் புகையை டிஎன்ஏ என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

1% ஜெல் இதற்குப் பத்தாது, 2% ஊற்றுங்கள். அதில் லோடிங் டையில் உள்ள புரோமோஃபீனால் புளூ சாயம் 150 அருகில்தான் ஓடும், உங்கள் மோனோ (ஒற்றை நியூக்ளியோசோம்) பேண்டின் மேலேயே நிழல் விழும். ஆரஞ்ச் ஜி நல்லது.

யூனிட் விஷயம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. சிலர் குனிட்ஸ் யூனிட்டிலும் சிலர் ஜெல் யூனிட்டிலும் விற்கிறார்கள், இரண்டுக்கும் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். டப்பாவைப் பாருங்கள். நேரத்தை 5 நிமிடத்தில் நிறுத்திவைத்து, 5, 20, 80, 320 ஜெல் யூனிட் என்று நான்கு டியூப் போடுங்கள். நொதியே போடாமல் 37 டிகிரியில் வைத்த ஐந்தாவது டியூப் கட்டாயம்.

நல்ல ஏணியில் ஹீலாவுக்கு 150-க்குச் சற்று மேல், 340, 530 என்று படிகள் வரும். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டையின்மேல் டிஎன்ஏ 1.65 சுற்று, 147 கார இணை. அடுத்த நியூக்ளியோசோம்வரை உள்ள இணைப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 190. ஈஸ்ட்டில் இது 165 பக்கம், கோழி இரத்தச் சிவப்பணுவில் 210 பக்கம். நொதி முதலில் இணைப்பை வெட்டும், பிறகு முனைகளைக் கொறிக்கும். இணைப்பில் உட்காரும் எச்1 ஹிஸ்டோன் காத்து நிற்கும்வரை 166 அருகே சற்றுத் தயங்கும். அதனால்தான் அதிகம் வெட்டினால் படிகள் எல்லாம் கீழே நகர்கின்றன.

குரோமாட்டின்காரன்:
30 நானோமீட்டர் கேள்வி விட்டுப்போயிற்று. இந்த ஏணியில் அது தெரியாது. ஏணி காட்டுவது ஒரு நியூக்ளியோசோமுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான்.

புத்தகப் படத்தில் 11, 30, 300, 700, 1400 நானோமீட்டர் என்று படிப்படியாகச் சுருட்டுவார்கள். முதல் படி உறுதி: 1974-இலேயே மணிமாலை போல எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள், 1997-இல் 2.8 ஆங்ஸ்ட்ராம் படிக அமைப்பு வந்தது. ஆனால் 30 என்பது பெரும்பாலும் உப்பு குறைந்த பஃபரில் பிரித்தெடுத்த குரோமாட்டினில் தெரிந்தது. கோழிச் சிவப்பணு போன்ற அடங்கிப்போன உட்கருக்களில் உள்ளேயும் இருக்கிறது. மனித செல்லின் உள்ளேயே வைத்துச் சாயமேற்றிப் பார்த்த 2017 ஆய்வில் கிடைத்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தாறுமாறாக வளையும் சங்கிலி. அந்தப் படத்தை இன்னும் அச்சடிப்பது பழக்கதோஷம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். சாதாரண மனித செல்லில் 2 மீட்டர் டிஎன்ஏ. நியூக்ளியோசோம் 65 நானோமீட்டர் நீளத்தை 11-க்குள் அடக்குகிறது, ஆறு மடங்கு. இன்னும் 33 சென்டிமீட்டர் பாக்கி. ஆனால் 2 நானோமீட்டர் தடிமனில் 2 மீட்டர் டிஎன்ஏவின் கன அளவு 6 கன மைக்ரோமீட்டர்தான், 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவோ 500-க்கும் மேல். ஆக இடம் தாராளம். செல் பிரியும்போது சிக்கு விழாமல் 46 குரோமோசோம் இழைகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் கஷ்டம். சாதாரண நேரத்தில் கோஹீசின் என்ற புரதக் கூட்டு டிஎன்ஏவைக் கண்ணிகளாக இழுக்கிறது, சிடிசிஎஃப் என்ற புரதம் உட்கார்ந்த இடத்தில் பெரும்பாலும் நிற்கிறது. செல் பிரிவு தொடங்கியதும் காண்டென்சின் 2 என்ற இன்னொரு புரதக் கூட்டு பெரிய கண்ணி போடும், உட்கரு உறை உடைந்த பிறகு காண்டென்சின் 1 அதற்குள் சின்னக் கண்ணி போடும். கோழி செல்களில் அளந்தபோது பெரிய கண்ணி ஏறக்குறைய 4 லட்சம், சின்னது 80 ஆயிரம் கார இணை வந்தது. டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி இழையை வெட்டி, ஒன்றின் ஊடாக ஒன்றை விட்டு, திரும்ப ஒட்டுகிறது. அதைத் தடுத்தால் சகோதரக் குரோமாட்டிடுகள் (ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்) பின்னிக்கொண்டு பிரியமாட்டா.

உட்கரு_தேடி:
ஏணி வந்துவிட்டது, நன்றி! 20 யூனிட்டில் ஆறு படி. ஆனால் நொதி போடாத டியூபிலும் மங்கலாக ஓர் ஏணி.

ஜெல்_மாமா:
செல்கள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தன. அபோப்டோசிஸில் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்போது) செல்லின் சொந்த நியூக்ளியேஸும் இதே இணைப்புகளைத்தான் வெட்டும். தட்டு நிரம்பி மிதக்கும் செல்களை ஊற்றிவிட்டு ஒட்டியவற்றை மட்டும் எடுங்கள், 70-80% நிரம்பும்போதே. அப்படியும் வந்தால் உட்கருக்கள் ஐஸில் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்று பாருங்கள்.