கிரிக்கெட்டின் 'அம்பயர்ஸ் கால்' விதியை எளிதாக விளக்க உதவுங்கள்

நண்பர்களே, என் அத்தை இப்போதுதான் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். போல்டு, கேட்ச், ரன் அவுட் எல்லாம் பார்த்ததுமே புரிந்துவிட்டன. ஸ்டம்புக்குப் போகவேண்டிய பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டு நின்றால் கொடுக்கும் எல்பிடபிள்யூதான் சிக்கல். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு அவுட் கிடையாது என்பதைக்கூட ஏற்றுக்கொண்டார். அப்புறம் வந்தது அம்பயர்ஸ் கால். நடுவரின் முடிவைத் திரும்பச் சரிபார்க்கும் ரிவ்யூவில், பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் உரசும் என்று காட்டினால், களத்தில் நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். "அப்போ ஒரே மாதிரி பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட்டா? இது என்ன நியாயம்?" என்கிறார். ரொம்ப நல்ல கேள்வி!

பந்து போகும் பாதை என்பது கணினியின் கணிப்புதான் என்று சொல்லிப் பார்த்தேன், அவருக்குத் திருப்தி இல்லை. இதைத் தமிழில் படம் வரைந்தோ வீடியோவாகவோ விளக்கியது யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு நீங்கள் எப்படிப் புரியவைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.