ஈசிஜி எடுத்தவர் முகம் மாறிய கதை: ஓடுகிறவர்கள், விளையாடுகிறவர்கள் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை (காரைக்குடி)

போன மாதம் இன்சூரன்ஸுக்காக ஈசிஜி எடுக்கப் போனேன். வயது 38, பத்து வருஷமாக ஓட்டம், வாரத்துக்கு 60 கிலோமீட்டர் குறையாது. எடுத்த பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெஷின்ல கோளாறுண்ணே" என்று மார்பில் ஒட்டியதையெல்லாம் பிடுங்கித் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். இரண்டாவது தாளிலும் அதேதான். துடிப்பு நிமிஷத்துக்கு 41, இதயத்தின் இடது கீழறை பெருத்திருக்கலாம் என்று மெஷினே அடித்துக் கொடுத்துவிட்டது. அடுத்து அவர் கேட்டதுதான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை: "கூட யாரும் வந்திருக்காங்களாண்ணே?"

யாரும் வரவில்லை. வாசலில் பைக் மட்டும் நின்றது.

டியூட்டி டாக்டர் ஹார்ட் பிளாக், அதாவது இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் தடைபடுகிறது என்றார், பேஸ்மேக்கர் வரைக்கும் பேசினார். மதுரையில் இதய மருத்துவர் என்னை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லி உடனே மறுபடி ஈசிஜி எடுத்தார். துடிப்பு 110, பிளாக்கைக் காணோம். ஓய்வில் வேகஸ் நரம்பு பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது, ஓடும்போது விட்டுவிடுகிறது, இது ஓடுகிறவன் இதயம் என்றார். எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்து அனுப்பினார். இன்சூரன்ஸ்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கபடி அம்மா (தேவகோட்டை)

மகளுக்கு 14. கபடி செலக்‌ஷனுக்கு முன் எடுத்த ஈசிஜியில் வி1 முதல் வி3 வரை, அதாவது மார்பில் ஒட்டும் ஆறில் முதல் மூன்று லீடில், டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் மேடு) தலைகீழாக இருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள், "இனிமே நான் ரெய்டு போகக் கூடாதாம்மா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. 16 வயதுக்குக் கீழே அந்த மூன்று லீடில் அப்படி இருப்பது சாதாரணம் என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். எக்கோவும் நன்றாக இருந்தது. அவள் அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்ட மோதகம்தான் பாக்கி.

சிராவயல்காரன்

கண்மாய்க்கரை அண்ணே, உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது சரி. அதைப் படித்துவிட்டு எல்லாரும் 'ஓடுகிறவன் இதயம்' என்று தாளைச் சுருட்டி வைத்துவிடக் கூடாது. என் சித்தப்பா மகன் மாடுபிடிக்கிறவன், 24 வயது. அவனுக்கும் டி அலை தலைகீழ்தான், ஆனால் வி5, வி6-இல். ஜிம் மாஸ்டர் "பயிற்சி எடுத்தா அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

அப்புறம் ஒரு டாக்டர் ஈசிஜியை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். நாங்கள் இல்லை என்றோம். சின்னம்மா மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். "என் தம்பி... உச்சி வெயில்ல வரப்புல விழுந்தான். முனி அடிச்சிருச்சுன்னாங்க."

எக்கோவில் இதயச் சுவர் 17 மில்லிமீட்டர். பரம்பரையாக வரும் தடிப்பு நோய். இப்போது தொழுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதோடு சரி.

ஓய்வுபெற்ற பிடி மாஸ்டர்

எனக்கும் ஒருமுறை துடிப்பு 46 வந்தது, ஒன்றும் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். இது புதுசு இல்லை. 1899-இலேயே சுவீடனில் ஹென்ஷன் என்ற மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்தே இதயம் பெருத்திருப்பதைக் கண்டுபிடித்தார். சுவர் 12 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 13 முதல் 16 வரை இரண்டும்கெட்டான், பயிற்சியாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். பயிற்சியால் என்றால் அறையும் சேர்ந்து விரியும். நோய் என்றால் பெரும்பாலும் சுவர் மட்டும் தடித்து அறை சுருங்கும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. அதிலும் தெளியாவிட்டால் மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி அளப்பார்கள். குறைந்தால் பயிற்சியால் வந்தது. விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிக்க 2017-இல் சர்வதேச அளவுகோலே வந்துவிட்டது, டாக்டரிடம் அதைக் கேளுங்கள். ஓடும்போது மயக்கம் வந்தால் வெயில் என்று தள்ளாதீர்கள். 2021-இல் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்தபோது உடனே மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்ததால்தான் பிழைத்தார். பழனிக்கு நடக்கிறவர்களும் மார்பை அழுத்தக் கற்றுக்கொள்ளலாம். தூக்கம் முக்கியம். காபியைக் குறையுங்கள். உப்புக்கண்டத்தையும்தான்.

1500 மீட்டர்

மாஸ்டர் ஐயா, மூன்று மாதம் நிறுத்து என்று எழுதுவது சுலபம். நான் நிறுத்தினேன். சுவர் 14. போலீஸ் செலக்‌ஷனில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடினால் போதும், நான் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தவன். தினமும் காலையில் கூட்டாளிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு கிரவுண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் தன் செல்போனை என்னிடம் கொடுத்து "டைம் பாருடா" என்றான். பார்த்தேன், வேறென்ன செய்ய. மூன்று மாதம் கழித்து 11. நோய் இல்லை. அதற்குள் செலக்‌ஷன் முடிந்துவிட்டது.

காபி எதற்கு ஐயா இதில்?

கண்மாய்க்கரை (காரைக்குடி)

சிராவயல் தம்பி, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்ற அந்தக் கேள்வியை என்னிடமும் மதுரையில் கேட்டார்கள். யோசிக்காமலே "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஆத்தாவிடம் கேட்டேன். "எல்லாரும் எண்பதைத் தாண்டித்தான் போனாக" என்றார். வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க ஐயாவோட தம்பி ஒருத்தர் மட்டும் மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் போன எடத்துல, முப்பது வயசுகூட ஆகல. தந்திதான் வந்துச்சு. என்ன ஏதுன்னு யாருக்குத் தெரியும்?"

பீரோவைத் திறந்து எக்கோ ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சுவர் 11. திங்கட்கிழமை மதுரைக்கு போன் போட்டு, அன்றைக்கு இல்லை என்று சொன்னதைத் திருத்த வேண்டும்.