சுருள்வில் தராசு: 0 ஆ, 20 ஆ? அவசரம்

அரைத்தூக்கம்: நாளைக்கு டெஸ்ட். தராசுக்கு ரெண்டு பக்கமும் 10 நியூட்டன், தராசு எவ்வளவு காட்டும்னு கேள்வி. எதிரெதிர் திசை, அதனால 0 போட்டேன். கூடப் படிக்கிறவன் 20ங்கிறான். விடைப் பக்கத்துல ரெண்டும் இல்ல. சீக்கிரம் சொல்லுங்க.

கப்பிக்கயிறு: 10ன்னா கையால இழுக்கறதா, எடை தொங்குதா? தராசு படுத்திருக்கா, நிக்குதா? விடைப் பக்கத்துல என்னதான் இருக்கு?

உராய்வு: கப்பி உண்டுன்னா அதுல உராய்வு இருக்கா? நான் பார்த்தவரை இந்த மாதிரி கணக்குல எல்லாம் அங்கதான் கோட்டை விடுவாங்க.

அரைத்தூக்கம்: சாரி. மேசை மேல படுத்திருக்கு. ரெண்டு ஓரத்துலயும் கப்பி, நூல், ஆளுக்கு 10 நியூட்டன் எடை. எதுவும் நகரல. உராய்வு பத்தி ஒண்ணும் போடல. விடை 10.

மூத்தவன்: நியூட்டனின் மூன்றாம் விதியை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. விசையும் எதிர்விசையும் வெவ்வேறு பொருள்கள் மேல் செயல்படும். எனவே ஒன்றையொன்று ஈடுசெய்யாது. இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது?

கப்பிக்கயிறு: விதி சரிதான் சார், இடம்தான் தப்பு. இங்க ரெண்டு இழுப்பும் ஒரே தராசு மேல. அப்போ அது விசை-எதிர்விசை ஜோடியே இல்ல. ரெண்டும் ஈடாகுது, அதான் தராசு நகரல. தம்பியோட 0 நிகர விசை, அதாவது ரெண்டும் கழிஞ்சு மிஞ்சறது. ஆனா தராசு காட்டறது நிகர விசைய இல்ல, சுருள் எவ்வளவு இழுபட்டிருக்குங்கறத.

தம்பி, தராச ஆணியில மாட்டிக் கீழ 10 நியூட்டன் தொங்கவிடு. 10 காட்டும், யாரும் சண்டை போடமாட்டாங்க. ஆனா அங்கயும் ஆணி மேல்நோக்கி 10 இழுத்துட்டுதான் இருக்கு. இப்ப ஆணிய எடுத்துட்டு அந்த இடத்துல நூலும் எடையும் போடு. சுருளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

சொல்லாய்வு: கோளாறே மூன்றாம் விதியில வர்ற 'எதிர்வினை'ங்கற சொல்லுலதான். ஒருத்தன் அடிச்சான், அப்புறம் இன்னொருத்தன் திருப்பி அடிச்சான்னு கேக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கறது.

மூத்தவன்: நியூட்டனே 1687-ல் 'ரியாக்டியோ' (எதிர்வினை) என்றுதான் லத்தீனில் எழுதினார். சொல்லைக் குறை சொல்வது சோம்பேறித்தனம். கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரையும் கல்லை நோக்கி அதே அளவு இழுக்கப்படுகிறது என்று உதாரணமே தந்திருக்கிறார்.

உராய்வு: அப்புறம் குதிரை எப்படி முன்னால போகுது? குளம்புக்கும் தரைக்கும் நடுவுல உராய்வு! நான் சொன்னேன்ல.

சொல்லாய்வு: லத்தீன்ல தப்பா இருந்தா தமிழ்லயும் தப்பா இருக்கணுமா?

மூத்தவன்: நகரும் மின்னூட்டங்களுக்கு இடையே மூன்றாம் விதியே இந்த எளிய வடிவில் நிற்காது. அதையும் பேசலாமா?

கப்பிக்கயிறு: நாளைக்கு அவனுக்கு டெஸ்ட் சார். தம்பி, ஜோடி கேட்டா: நூல் கொக்கிய 10 இழுக்குது, கொக்கி நூல 10 இழுக்குது. எடையப் பூமி 10 இழுக்குது, எடை பூமிய 10 இழுக்குது. பூமியோட நிறை கிலோவுல 6 போட்டு 24 சுழியம், அதான் அசையறது தெரியல. ஜோடின்னா பேர மாத்திப் போட்டாலும் வாக்கியம் நிக்கணும்.

அரைத்தூக்கம்: எழுதிட்டு வந்தேன். ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 15 குடுத்துட்டாங்க. 12.5 போட்டேன்.

கப்பிக்கயிறு: அய்யோ. அது நகருமேப்பா. தராசு எடையற்றது, கப்பி வழவழப்புன்னா 12.

உராய்வு: கப்பியில உராய்வு இருந்துச்சா?